ட்ரைவேயில் ஒரு வள்ளம்

கொறற்றி முதலில் சப்பாத்தைக் கழற்றினாள். யோசித்துச் செய்த காரியமில்லை, கால் தன்பாட்டில் செய்துவிட்டது. ட்ரெய்லர் சில்லுக்குப் பக்கத்தில், வீட்டு முன் ட்ரைவேயின் சீமெந்துத் தரையில் இரண்டையும் சோடியாக ஒதுக்கி வைத்துவிட்டுக் காலுறையோடு மடிப்பு ஏணியின் முதற்படியில் ஏறிய பிறகுதான் பக்கத்தில் நின்ற, வள்ளத்தை விற்கிற சுகிர்தன் சிரிப்பது கேட்டது. "என்ன அன்ரி, கோயிலுக்கே போறியள்? சப்பாத்தோட ஏறுங்கோ. பழைய போட்தானே, ஊத்தையானால் கழுவலாம்." அவள் "இருக்கட்டும் தம்பி" என்றாள். அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவன் கோப்பாய்ப் பிள்ளை. வெங்காயமும் புகையிலையும் விளைகிற செம்மண்ணில் பிறந்தவனுக்கு வள்ளம் என்பது சில்லுக் கழற்றிய கார். பாசையூர்க் கரையில் அவள் அறிந்த ஒருவரும் வள்ளத்தில் செருப்போடு ஏறியதில்லை. ஏன் என்று அவள் யாரிடமும் கேட்டதுமில்லை, யாரும் சொல்லித் தந்ததுமில்லை. கடலுக்குப் போகிற ஆண்கள் மணலில் செருப்பை விட்டுவிட்டுப் போவதையும், அவர்கள் திரும்பி வரும்வரைக்கும் அந்தச் செருப்புகள் வெயிலில் காய்ந்துகொண்டு கிடப்பதையும் பார்த்து வளர்ந்த கால் அது. கனடாவுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் திருந்தவில்லை. சுகிர்தன் எஞ்சின் சாவியைத் தேடி வீட்டுக்குள் போனான். "திறப்பு எங்க கிடக்கெண்டு மனுசிக்குத்தான் தெரியும், அவ வேலையில ஃபோன் எடுக்கமாட்டா. நான் தேடுறன், நீங்கள் ஆறுதலா இருந்து பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே போனான். ஆறுதலாக இருந்து பார்ப்பதற்குத்தானே அவளும் வந்திருந்தாள்.

ஓட்டுகிறவரின் கதிரையில் உட்கார்ந்தாள். வள்ளம் அசையவில்லை. அசையாது என்று தெரியும், ட்ரெய்லரில் கட்டிவைத்த வள்ளம் ட்ரைவேயில் எதற்கு அசைய வேண்டும், ஆனாலும் அவள் உடம்பு ஓர் ஆட்டத்துக்குத் தயாராகித்தான் ஏறியிருந்தது. அது வராமல் போனதும் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்து வெறும் தரையில் காலை ஊன்றினவள் போல ஒரு கணம் தடுமாறினாள். மேலேயிருந்து பார்க்க எல்லாம் கொஞ்சம் மாறித் தெரிந்தது. அடுத்த வீட்டு வேலி பதிந்து போயிருந்தது. வெட்டாமல் விட்ட முன்முற்றத்துப் புல் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழும்பியது. தெருவுக்கு அங்கால் அவர்களுடைய வான் வண்டி நின்றது. அதற்குள் அவள் புருசன் எமிலியன் இருந்தார், கண்ணாடியை ஏற்றியபடி, பெல்ட்டும் கழற்றாமல், மடியில் கிடந்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு. அவளைப் பார்க்கிறாரா, அவள் தலைக்கு மேலே சிவந்து நிற்கிற மேப்பிள் மரத்தைப் பார்க்கிறாரா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. பக்கவாதம் வந்து இது மூன்றாவது வருசம். வலது கை போனது, வலது கால் பாதி போனது, பேச்சு அநேகமாக முழுதும் போனது. மிஞ்சியது வேண்டாம், காணும், போ என்ற மூன்று சொல்லும் ஒரு சோபாவும். காலையில் அவள்தான் சப்பாத்துப் போட்டுவிட வேண்டும், பின்னேரம் அவள்தான் கழற்றிவிட வேண்டும். லேஸ் கட்டுகிற தொல்லை இல்லாமல் வெல்க்ரோ பட்டி வைத்த சப்பாத்து. பர்ரென்று அந்தப் பட்டி உரிகிற சத்தம்தான் அவர்கள் வீட்டில் ஒரு நாள் தொடங்குகிறதும் முடிகிறதுமான சத்தம். உடற்பயிற்சி கொடுக்க வருகிற பெண் இடது கையால் தானே கழற்றலாம் என்று எத்தனையோ தரம் காட்டிக் கொடுத்துவிட்டாள். அவர் காலை நீட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பார். போன கிழமை கொறற்றி ஃபோனில் இந்த வள்ளத்தின் படத்தைக் காட்டி, "வாங்குவமே?" என்று கேட்டபோது அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "பாப்பம்" என்றார். கொறற்றி குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பாப்பம் என்ற சொல்லுக்குள் நாளை என்று ஒன்று இருக்கிறது அல்லவா. அந்தச் சொல்லை ஒரு கிழமையாகக் கையில் ஏந்திக்கொண்டு திரிகிறாள். தப்பான வள்ளத்தைத் தெரிந்தெடுத்தால் அதுவும் போய்விடும். பின்னேரம் இன்னொருவர் பார்க்க வருகிறார் என்று சுகிர்தன் முதலே சொல்லிவிட்டான். இப்போது சொல்ல வேண்டும், ஓம் அல்லது இல்லை.

ஆனபடியால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும், கனவு காணக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழும்பினாள். அவர் மத்தியானத்தில் நித்திரை கொள்கிற நேரமெல்லாம் ஃபோனில் பார்த்துப் பார்த்துப் படித்த பாடம். தாடி வைத்துத் தொப்பி போட்ட வெள்ளைக்கார ஆண்கள் பழைய வள்ளங்களைச் சுற்றி நடந்து தட்டித் தட்டிக் காட்டுவார்கள். எஞ்சின் தொங்குகிற பின்பலகையைத் தட்டு, டக்கென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் உள்ளே உக்கிப் போயிற்று. தரையைக் குதிக்காலால் அமத்திப் பார். விரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறதென்று விற்கிறவன் சொல்லமாட்டான். அவள் முன்பக்கத்து மேடையிலிருந்து தொடங்கினாள். அந்த அணியத்தில் ஒற்றைக் கதிரை உயர்ந்து நின்றது, ஒருவர் நின்றோ இருந்தோ தூண்டில் வீசுவதற்கு. அங்கே தரை நல்ல இறுக்கம். நடுவிலும் இறுக்கம். சாம்பல் நிற விரிப்பிலிருந்து ஏரிப் பாசியும் பெற்றோலும் பழைய றப்பர்ப் புழுவும் கலந்த மணம் வந்தது. மீனை ஏமாற்றிப் பேய்க்காட்டுகிறதற்கு வாசனை போட்டு விற்கிற அந்தப் புழு ஒன்று விரிப்பின் மடிப்புக்குள் ஊதா நிறத்தில் சுருண்டு கிடந்தது. அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பெருஞ்சீரகம் போல மணத்தது. மீனுக்குப் பெருஞ்சீரகம் பிடிக்கும் என்று இவர்களுக்கு யார் சொன்னது, மீன் கறிக்கல்லவா பெருஞ்சீரகம் பிடிக்கும். பிறகு இடது பக்கத்துக் கதிரைக்கு முன்னால் குதிக்காலை வைத்தாள். தரை உள்ளே போனது. அதிகமில்லை, தேத்தண்ணியில் ஊறின பாண் போல, ஒரு விரற்கடை. காலை எடுத்தாள், திரும்பவும் வைத்தாள், திரும்பவும் போனது. சுற்றிவரப் பார்த்தாள், அந்த ஓர் இடம் மட்டும்தான். ஒரு பக்கம் நல்லாயிருக்கிறது, மற்றப் பக்கம் மெத்தென்று போயிற்று; வீட்டில் ஒன்று இருக்கிறது, இப்போது ட்ரைவேயிலும் ஒன்று. அப்படி நினைத்ததற்காக உடனே தன்னைத் தானே ஏசினாள், ஏசிக்கொண்டே சிரித்தும் விட்டாள். வானைப் பார்த்தாள். கண்ணாடி ஏற்றியபடியேதான் இருந்தது.

திரும்பவும் வந்து கதிரையில் இருந்தாள். இந்த மீன்பிடியை அவர்தான் தொடங்கினவர். கடலில் பிறந்த மனுசன் குளத்து மீனை மீனென்றே மதித்ததில்லை. சப்பென்ற மீன், சேறு மணக்கிற மீன், நோயாளிக்குக் கொடுக்கிற மீன் என்பார். தொழிற்சாலைச் சிநேகிதன் ஒருவன் ஒருநாள் இழுத்துக்கொண்டு ஸ்கூகொக் ஏரிக்குப் போய் இறங்குதுறையில் நிறுத்தி ஒரு தூண்டிலைக் கையில் கொடுக்க, அதில் பாஸ் மீன் ஒன்று பிடிபட்டது. பிடிபட்டதும் அது தண்ணீரைவிட்டு எழும்பி வாயைத் திறந்து தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உதறியதாம், தூண்டிலைத் துப்புகிறதற்கு. துப்பியும் விட்டது. "என்னைப் பாத்துத் தலையை ஆட்டிப்போட்டுப் போட்டுது" என்று வீட்டுக்கு வந்து சொன்னார், தன்னை யாரோ சபையில் வைத்து அவமதித்தது போல. அடுத்த சனிக்கிழமை போனார், அதற்கடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனார். பிடித்த மீனை முத்தமிட்டுத் திரும்ப விடுகிற வெள்ளைக்காரரைக் கண்டு, விடுகிறதென்றால் ஏன் பிடிக்கிறது, விசரே இவங்களுக்கு என்று வாய்விட்டுக் கேட்டார். புளி கூட விட்டு மிளகாய்த்தூள் கூடப் போட்டு அவள் வைத்த பாஸ் கறியைச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் அடங்கினார். துறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் வீசுவார்கள். அவளுடைய வீச்சு அவருடையதை விடத் தூரம் போகும், அவர் அதைக் கண்டுகொள்ளமாட்டார். ஆனால் இரண்டு பேருடைய வீச்சுக்கும் எட்டாத தூரத்தில் பாசிக் காடு முடிந்து தண்ணீர் சட்டென்று கறுக்கிற ஒரு விளிம்பு இருந்தது. காலை வெயிலில் அந்த விளிம்பில் பெரிய பெரிய மீன்கள் புரளுவது வளையம் வளையமாகத் தெரியும். அங்கே வள்ளங்கள் மெதுவாக ஊர்ந்துகொண்டு நிற்கும். "ஒரு வள்ளம் இருக்க வேணும் கொறற்றி" என்பார், ஒவ்வொரு தரமும், சாமானை அடுக்கிக்கொண்டு வானுக்கு நடக்கிறபோது. அவள் அந்த விளிம்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவாள். வள்ளம் இருந்தாலும் அதில் தான் ஏறலாமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஏறக்கூடாது, அதுதான் அவள் பிறந்து வளர்ந்த முறை. பொம்பிளைப் பிள்ளை வலையைத் தாண்டக்கூடாது, வள்ளத்தில் கால் வைக்கக்கூடாது, வள்ளத்துக்கு முதல் கால் ஆம்பிளைக் கால். அப்பாவுக்கு வள்ளம், அண்ணனுக்கு வள்ளம், பக்கத்து வீட்டில் எமிலியனின் அப்பாவுக்கும் வள்ளம், மீனை வெட்டிக் காயப்போட்டுக் கூடையில் சுமந்து விற்று அந்த வள்ளங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டது பெண்கள், ஆனால் ஏறக்கூடாது. அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எமிலியனின் அப்பா வள்ளத்துக்குப் புதுச் சாயம் பூசி மணலில் ஏற்றி வைத்திருந்தார். அடுத்த நாள் விடிய எமிலியன் முதன்முதலாகக் கடலுக்குப் போகிறான் என்று ஊரெல்லாம் கதை. பின்னேரம் அந்தோனியார் கோயில் மணி அடித்ததும் கரையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. நீலச் சாயம் இன்னும் கொஞ்சம் ஒட்டியது. அவள் அணியத்தில் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த வள்ளமும் அசையவில்லை, மணலில் நின்றது, ஆனால் அலை வந்து வந்து போகப் போக நிற்கிறது அலையா வள்ளமா என்று குழம்பி, ஒரு கட்டத்தில் வள்ளம் ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு பயம் வந்து குதித்து ஓடிவிட்டாள். அன்றிரவு முழுக்கத் தெரிந்த செபமெல்லாம் சொன்னாள். வலை வெறுமையாய் வந்தால் தன்னால், காற்று அடித்தால் தன்னால். வெயில் ஏற வள்ளம் நிறைய மீனோடு திரும்பி வந்தது. பாரை. வள்ளம் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்கிற அளவுக்குப் பாரை. இடுப்பளவு தண்ணீரில் ஆண்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். மெழுகுதிரி கொளுத்தினார்கள், எமிலியனைத் தோளில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள், கைராசிக்காரன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அவள் உள்ளங்காலில் ஒட்டியிருந்த நீலச் சாயத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கதையை எமிலியன் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. ஸ்கார்பரோவில் எந்த மண்டபமென்றாலும், எந்த மேசையென்றாலும், சாப்பாடு முடிந்ததும் யாராவது "அண்ணை, அந்தப் பாரைக் கதை" என்று எடுத்துக் கொடுப்பார்கள். அவர் இரண்டு கையையும் விரித்து மீனின் அளவு காட்டுவார், வருசத்துக்கு வருசம் மீன் வளரும். "என்ர முதல் நாள், என்ர கை வலையில பட்ட முதல் நாள்" என்று தொடங்குவார். அவள் பக்கத்தில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிடுவாள். சொல்லவில்லை. முதலில் அடி விழும் என்ற பயத்தில் சொல்லவில்லை, பிறகு அவரையே கட்டிக்கொண்ட பிறகு, ஒரு மனுசனுடைய அதிர்ஷ்டத்தைப் பிடுங்கி என்ன செய்கிறதென்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அதில் அவளுக்கு ஒரு இரகசியச் சந்தோசமும் இருந்தது, சட்டைக்குள் தங்கச் சங்கிலியை மறைத்துப் போட்டுக்கொண்டு திரிகிறவளைப் போல. இப்போது மூன்று வருசமாக அந்தக் கதையைச் சொல்ல ஆளில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் அவருக்காக அவளே சொல்கிறாள், அவர் சொன்ன மாதிரியே, கையை விரித்து, என்ர என்று வருகிற இடத்தில் இவர் என்று மாற்றி. அவர் சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டு இருப்பார். பாரை என்கிற சொல் வருகிறபோது வாயின் இடது ஓரம் அசையும், சொல் வராது. அந்த ஒரு சொல் வந்தால் போதும் என்று அவள் எத்தனை நேர்த்தி வைத்திருக்கிறாள்.

வெயில் முகத்தில் பட்டது. கையை வள்ளம் ஓட்டுகிற சில்லில் வைத்திருந்தாள், கார்ச் சில்லு மாதிரித்தான், கொஞ்சம் சின்னது. மேப்பிள் இலை ஒன்று வந்து விரிப்பில் விழுந்தது, பிறகு இன்னொன்று, தண்ணீரில் விழுகிற மாதிரி ஒரு சத்தமும் இல்லாமல். முற்றத்துப் புல் சாய்ந்து எழும்பச் சாய்ந்து எழும்ப, நிற்கிறது புல்லா வள்ளமா என்று திரும்பவும் அந்தக் குழப்பம் வந்தது, அவள் அதைத் தடுக்கவில்லை. வள்ளம் ட்ரெய்லரை விட்டு மெல்ல வழுகியது. தெருவில் இறங்கியது. குப்பைத் தொட்டிகளையும் கடிதப் பெட்டிகளையும் தாண்டி, ஒரே மாதிரியான வீடுகள் இரண்டு பக்கமும் கரையாக நிற்க, பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டி ஓடியது. பிறகு பாசிக் காடு வந்தது. எஞ்சினை நிறுத்தினாள். கறுத்த விளிம்பில் வளையம் வளையமாகத் தண்ணீர் விரிந்தது. பக்கத்துக் கதிரையில் எமிலியன் இருக்கிறார், தூண்டில் வளைகிறது, மீன் எழும்பித் தலையை உதறுகிறது, அவர் எழும்புகிறார். மீன் கடித்தால் அவர் எழும்பாமல் இருந்ததே இல்லை. எழும்பிய காலுக்குக் கீழே தரை மெத்தென்று உள்ளே போகிறது. இந்த இடத்தில் கனவு நின்றுவிட்டது. திரும்ப ஓட்டினாள், திரும்பவும் அதே இடம், அதே மெத்தென்ற தரை, தொப்பி மட்டும் தண்ணீரில் மிதக்கிறது. மிதவைச் சட்டை போட்டிருப்பார், மூழ்கமாட்டார், ஆனால் ஒற்றைக் கையால் என்ன செய்வார், தனக்குத் தூக்க இயலுமா, அறுபதைத் தொடுகிற பொம்பிளை, ஒட்டாவாவில் இருக்கிற மகள் கேட்டதுதான் சரி, உங்களுக்கு விசரே அம்மா. எந்தப் பக்கம் விழுவார்? அந்தக் கேள்வியில் மனம் முள்ளில் சீலை மாட்டியது மாதிரி மாட்டிக்கொண்டது. எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று பக்கத்துக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்று தெரிந்தது. ஓட்டுகிறவர் இருப்பது வலது பக்கம். அவர் இருக்கப்போவது இடது பக்கம். அவருடைய ஏலாத வலது கை அவள் பக்கமாகத்தான் வரும். நல்ல இடது கை தண்ணீர்ப் பக்கம், விளிம்பைப் பிடிக்கலாம், பழகினால் வீசவும் வீசலாம். அவளுடைய இடது கையை நீட்டினால் அவருடைய மிதவைச் சட்டையின் பட்டியைப் பிடித்துக்கொள்ளலாம். நீட்டிப் பார்த்தாள். எட்டியது. வெறும் கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இது யாருக்கு வாங்குகிற வள்ளம் கொறற்றி என்று அப்போது ஒரு குரல் கேட்டது, அவளுடைய குரல்தான். அவருக்கு என்று மகளுக்குச் சொன்னாள், பயிற்சிக்காரப் பெண்ணுக்குச் சொன்னாள், கோயிலில் பாதருக்கும் சொன்னாள். அவர் வராவிட்டால் வாங்குவாயா? பதில் சொல்லப் பயமாக இருந்தது. வாங்குவாள். அவளுக்கு வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து வேண்டும். இந்தச் சில்லைப் பிடித்துக்கொண்டு அந்தக் கறுத்த விளிம்புக்குப் போக வேண்டும், தன் வீச்சு எங்கே போய் விழுகிறதென்று பார்க்க வேண்டும். ஆனால் அவரைச் சோபாவில் விட்டுவிட்டுத் தனியே போனால் அது வள்ளம் ஓட்டுகிறதாக இருக்காது, விட்டுவிட்டு ஓடுகிறதாகத்தான் இருக்கும், அதையும் அவள் மனம் அறியும். ஆசையும் வேண்டும், அவரும் வேண்டும், இரண்டையும் இந்த ஓட்டை வள்ளத்துக்குள் ஏற்றப் பார்க்கிறாள். நிமிர்ந்து வானைப் பார்த்தாள். கண்ணாடி ஒரு சாண் அளவு கீழே இறங்கியிருந்தது. முதலிலும் அப்படித்தான் இருந்ததா, இல்லை இப்போதுதான் இறங்கியதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சுகிர்தன் திறப்போடு வந்தான். "தேத்தண்ணிப் பேணிக்குள்ள கிடக்குது அன்ரி. கடைசியா மனுசி ஃபோன் எடுத்தா, ஆர் வைச்சதெண்டு கேட்டால் நான்தானாம்."

"தம்பி, இந்த இடத்தில தரை பதியுது."

"அதே? அது... முதலிலேயிருந்து அப்பிடித்தான்."

"முதலிலேயிருந்து அப்பிடி வராது. தண்ணி நிண்டிருக்கு. எப்ப நிண்டது?"

அவன் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, சொல்லத் தொடங்கினாலும் காது சிவந்துவிடுகிறது. பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில், ஏதோ பாரம் இறக்குகிறவன் போலச் சொன்னான். "முதல் நாள் அன்ரி. நானும் மச்சானும் ஸ்கூகொக்கில இறக்கினம். நடு ஏரியில போய்ப் பாத்தால் கால் நனையுது. மழையாக்குமெண்டு மச்சான் சொல்லுறான். வானம் வெளிச்சுக் கிடக்கு. பாத்தால் பின்னுக்கு அடியில ஒரு ஓட்டை. நான் நினைச்சன் உடைஞ்சு போச்செண்டு. ரீசேட்டைக் கழட்டி அடைச்சுக்கொண்டு கத்தினதுதான், ஆரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவன் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனார். அவர்தான் சொன்னார், அது தண்ணி வடியிறதுக்கு விட்ட ஓட்டையாம், இறக்க முதல் தக்கை போட வேணுமாம். நீங்களே சொல்லுங்கோ, வள்ளத்துக்கு ஓட்டை வைச்சுச் செய்வாங்கள் எண்டு ஆர் கண்டது? தக்கை காருக்குள்ள பத்திரமாக் கிடந்தது."

தெருவுக்கு அங்காலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொறற்றிக்கு முதலில் அது இருமல் என்று பட்டது, புரைக்கேறிவிட்டதாக்கும் என்று பதறி எழும்பினாள். இருமல் இல்லை. எமிலியன் சிரித்தார். மூன்று வருசமாகப் பாவிக்காத சிரிப்பு, எஞ்சின் குளிரில் கிடந்து எழும்புகிற மாதிரி விட்டு விட்டு வந்தது. கோப்பாய்க்காரன் ஒருவன் நடு ஏரியில் சட்டையைக் கழற்றி வள்ளத்தை அடைத்துக்கொண்டு கத்துகிற காட்சி அவருக்கு அப்படியே தெரிந்திருக்க வேண்டும். சுகிர்தனும் வெட்கத்தோடு சிரித்தான். பிறகு வான் கதவு திறந்தது.

அவள் இறங்கிப் போகவில்லை. இறங்கினால் அவர் திரும்ப வானுக்குள் உட்கார்ந்துவிடுவார் என்று என்னவோ நிச்சயமாகத் தோன்றியது. ஓடப் பார்த்த சுகிர்தனையும் கையால் மறித்தாள். பெல்ட், பிறகு தடி, பிறகு நல்ல கால், பிறகு மற்றக் கால். தெருவைக் கடக்க எவ்வளவு நேரம் எடுத்ததென்றால், அந்த நேரத்துக்குள் ஒரு கார் வந்து நின்று பொறுத்துப் போனது. அவர் வள்ளத்தின் பின்பக்கமாக வந்து நின்றார். தடியை ட்ரெய்லரில் சாத்திவிட்டு இடது கையின் விரல் முட்டியால் பின்பலகையைத் தட்டினார். தட்டிவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்டார். கொஞ்சம் தள்ளித் தட்டினார். டக், டக். எஞ்சின் பூட்டியிருக்கிற இடத்தைச் சுற்றித் தட்டினார், கீழே குனிய இயலாமல் கையை மட்டும் விட்டுத் தட்டினார். "நல்ல..." என்றார். மிச்சச் சொல்லைத் தேடினார், கிடைக்கவில்லை, பலகையை உள்ளங்கையால் ஒருதரம் தடவினார். அதுவே அந்தச் சொல். தரையை மாற்றலாம், பின்பலகை போனால்தான் வள்ளம் போயிற்று, அது அவளுக்கும் தெரியும். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஓட்டுகிறவரின் கதிரையில் சில்லைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவளை. புருவம் சுருங்கியது.

"நீ... முதல்..."

தடியை எடுத்து அவளுடைய காலைக் காட்டினார். அவள் அதற்குத்தான் பயந்திருந்தாள். வள்ளத்துக்கு முதல் கால் ஆம்பிளைக் கால். ஏணியில் ஏற இயலாத மனுசனிடம் இதற்கு என்ன சொல்வது, மன்னிப்புக் கேட்பதா, இறங்குவதா? பாப்பம் என்ற அந்தச் சொல் கையிலிருந்து நழுவுவது போலிருந்தது. அப்போது அவள் யோசிக்காமல் வாயைத் திறந்துவிட்டாள், சப்பாத்தைக் கழற்றின அதே மாதிரி.

"ஓம், நான்தான் முதல் ஏறினனான். அண்டைக்கும் நான்தான் முதல் ஏறினனான். நீங்கள் முதல் நாள் தொழிலுக்குப் போக முந்தின பின்னேரம், மாமான்ர நீல வள்ளத்தில, எல்லாரும் கோயிலுக்குப் போனாப் பிறகு. அணியத்தில இருந்தனான். காலில சாயம் ஒட்டினது. விடியத்தான் உங்களுக்கு அவ்வளவும் பட்டது."

சுகிர்தன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான், ஒன்றும் விளங்காமல். எமிலியனுடைய கண் அவள் முகத்தை விட்டு அவளுடைய காலுறைக்குப் போனது, திரும்ப முகத்துக்கு வந்தது. அத்தனை கல்யாண வீடுகளும் அத்தனை மேசைகளும் அவருக்குள் பின்னோக்கி ஓடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கக்கூடாது. மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டாள். வாயின் இடது ஓரம் அசைந்தது, துடித்தது, உதடு ஒட்டிப் பிரிந்தது.

"பா... ரை?"

"ஓம்" என்றாள் கொறற்றி. "அந்தப் பாரைதான்."

அவர் ட்ரெய்லரில் சாய்ந்துகொண்டு, தடி பிடித்த இடது கையை அகல விரித்தார், மீனின் அளவு காட்டுகிற மாதிரி. ஒற்றைக் கையால் எப்படிக் காட்டுவது, மற்றப் பக்கம் வெறுமையாக நின்றது. அவள் வள்ளத்துக்குள்ளிருந்து எட்டித் தன் கையை அந்தப் பக்கம் விரித்தாள். அவர் அளவைப் பார்த்தார். அவளுடைய கையைத் தடியால் தட்டிக் கொஞ்சம் இன்னும் அங்கால் தள்ளினார். பிறகு திரும்பி ட்ரெய்லர்ச் சில்லுக்கு மேலிருந்த தகட்டு மூடியில் மெல்ல உட்கார்ந்தார். அவர் களைத்துப் போனார் என்று அவள் நினைத்தாள். சுகிர்தன் கதிரை கொண்டு வரட்டோ என்று கேட்டான். அவர் தலையாட்டி மறுத்தார், தரையைப் பார்த்துக்கொண்டு. அங்கே அவளுடைய சப்பாத்துகள் சோடியாக இருந்தன. அவருடைய முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது, அது குனிந்தது, நெடுநேரம் குனிந்தபடி இருந்தது. இறங்கி உதவி செய்ய எழும்பப் பார்த்தவள் திரும்ப உட்கார்ந்துகொண்டாள். சில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கீழேயிருந்து, அவள் கை படாமல், பர்ரென்று பட்டி உரிகிற சத்தம் கேட்டது.